நின்று பதில் சொல்பவர்

"உங்க பொண்ணு என்ன வேலை பாக்குறாங்க சார்?" என்று கேட்டாள் பிசியோ பெண்.

அவர் நின்றார். இடது கையால் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "கட்டடத்துக்கு பிளான் போடுறா" என்றார் பதவிசாக. பிறகுதான் வலது காலை இழுத்து அடுத்த அடி வைத்தார்.

"நிக்காம சொல்லணும் சார்."

"ஓ, சரிம்மா." இதைச் சொல்லவும் நின்றார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் இந்தக் கோடியில், கதவுக்குப் பக்கத்து பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிக்கு நாக்கு துறுதுறுத்தது. நடந்துகிட்டே சொல்லுங்க என்று கத்த வேண்டும்போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்ததால்தான் இவ்வளவும் என்று அவளே தனக்குத் தீர்ப்பு எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். கதவிலிருந்து அந்தக் கோடி ஜன்னல்வரை அவர் நடக்க வேண்டும். நடக்கும்போது பிசியோ பெண் ஏதாவது கேட்பாள். நடை நிற்காமல் பதில் வர வேண்டும். வந்தால் வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம். தரைத்தளம், படி கிடையாது. மனைவி சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். அங்கே அவருக்கு ஒரு கட்டிலும் சொல்லி வைத்தாகிவிட்டது. அவர்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. படியில் யாராவது வணக்கம் சொன்னால் நின்று, திரும்பி, பதில் வணக்கம் வைக்கிற மனிதரை அங்கே அனுப்ப முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்றைக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும்.

"அரை மணி ரெஸ்ட் எடுங்க சார். பக்கத்து ரூம்ல ஒருத்தரைப் பாத்துட்டு வரேன். அப்புறம் கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு பிசியோ பெண் போனாள். அவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள்.

இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வராதவர் என்று இந்த மனிதரைச் சொல்கிற நாளும் வந்ததே என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆயுசு முழுக்க அதையே பிழைப்பாக வைத்திருந்தவர் அவர். அவளும்தான். பெரிய மாநாடுகளில் மேடையில் ஒருவர் ஒரு மொழியில் பேசப் பேச, அரங்கின் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஹெட்போனில் அதை வாங்கி, வாங்கிய சூட்டோடு நம் மொழியில் மைக்கில் விடுகிற வேலை. காது ஒருத்தருக்கு, வாய் இன்னொருத்தருக்கு. மூளை யாருக்கு என்று கேட்டால் இருவருமே சிரிப்பார்கள். அதற்கு அங்கே இடம் இல்லை, அதை வெளியே குடைகளோடு மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவோம் என்பார் அவர்.

ஒரு கூண்டுக்கு இரண்டு பேர். அரை மணிக்கு ஒருவர் என்று முறை. அதற்கு மேல் போனால் தலை சோறு வடித்த பானை மாதிரி ஆகிவிடும். அவள் மேடைக்காரர் வாயைத் திறந்த உடனே பின்னால் ஓடிப் பிடித்துவிடுவாள். சில நேரம் அவருக்கு முன்னாலேயே வாக்கியத்தை முடித்துவிட்டு அவருக்காகக் காத்திருப்பாள். இவர் அப்படி இல்லை. ஒரு முழு வாக்கியத்தைப் போகவிட்டு, அது சாதுவா போக்கிரியா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் நிதானமாகக் கிளம்புவார். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்றும் அவருக்குப் பாசஞ்சர் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது. சம்பளம் போடுகிறவரே சில நேரம் அப்படித்தான் கூப்பிடுவார்.

கூண்டுக்குள் போகும்போது அவள் வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவாள், மைக்கில் சத்தம் கேட்கும் என்று. அவர் பேனாவைத் தொட மாட்டார், பென்சில்தான். இருமல் வந்தால் அழுத்த ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தியிருக்கும் வரை மைக் செத்துக் கிடக்கும். இருமல் பொத்தான் என்றே அதற்குப் பெயர். அவள் அதை இருமலுக்கு அழுத்தியதைவிடச் சிரிப்புக்கு அழுத்தியதுதான் அதிகம்.

அந்த வேலையில் எண்கள்தான் எமன். வாக்கியத்தைப் பின்தொடர்ந்து போகலாம். எண் காதில் நிற்காது, வழுக்கிவிடும். அதனால் ஒருவர் பேசும்போது மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்களையும் பெயர்களையும் காகிதத்தில் எழுதி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பேசுகிறவர் அதை ஓரக்கண்ணால் பார்த்து அப்படியே சொல்லிவிட வேண்டும். சரியா தப்பா என்று யோசிக்கக் கூடாது. யோசித்தால் அதற்குள் மேடைக்காரர் இரண்டு தெரு தாண்டியிருப்பார். பக்கத்தில் இருப்பவரை அவ்வளவு நம்ப வேண்டும். தாலி கட்டியவர்களிடம்கூட அவ்வளவு நம்பிக்கையைப் பார்ப்பது கஷ்டம்.

அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு அவர் "சார்". அவருக்கோ கூண்டுக்கு வெளியே அவளிடம் ஒரு வார்த்தை நுழைக்க இடமே கிடைக்காது. எக்ஸ்பிரஸ் எந்த நிலையத்திலும் நிற்காதே. மீன்வள மாநாடு ஒன்று நடந்தது. வலைகளைப் பற்றி ஒரு அதிகாரி எண்களாகக் கொட்டிக்கொண்டிருந்தார். அவள் பேச, அவர் எழுதி எழுதி நகர்த்தினார். ஆழம் நூற்றிருபது. கயிறு ஆறு. கண்ணளவு நாற்பது. அதே காகிதத்தின் அடியில், ஓய்வு நேரத்தில் அவள் படித்துக்கொள்ளட்டும் என்று, சிறிய எழுத்தில் இன்னொன்றும் எழுதினார். மூன்று வருடக் கூட்டாளியை இவ்வளவுதானா தெரியும் அவருக்கு! காகிதத்தில் எது வந்தாலும் சொல்லிவிடுகிற வாய் அல்லவா அது?

"வலையின் கண்ணளவு நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது" என்றாள் அவள் மைக்கில், கம்பீரமாக. "நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா?"

அரங்கத்தில் ஹெட்போன் மாட்டியிருந்த தலைகள் எல்லாம் மொத்தமாகப் பின்பக்கம் திரும்பின. மேடைக்காரர் ஒன்றும் புரியாமல் அடுத்த வகை வலைக்குப் போய்விட்டார். முன்வரிசையில் இருந்த மீனவர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து கையைத் தூக்கி, "இதை நாங்க முழு மனசோட ஆதரிக்கிறோம்" என்றார். மாநாட்டுத் தலைவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எந்தத் தீர்மானத்தை ஆதரிக்கிறார்கள் என்று கேட்டார். அவள் இருமல் பொத்தானை அழுத்திக்கொண்டு மேஜைமேல் கவிழ்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. பாசஞ்சர்தான் தன் மைக்கைத் திறந்து, காது நுனிவரை சிவந்துபோய், "அந்தத் திருத்தம் கூண்டுக்குள் பரிசீலனையில் இருக்கிறது" என்று அறிவித்தார். கைதட்டல் வெகு நேரம் ஓயவில்லை.

அதற்குப் பிறகு முகூர்த்தம், மண்டபம், யார் யாரைக் கூப்பிடுவது என்று இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சரி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பெரிய வழக்காகிப் பல வருடம் நடந்தது. "கேட்டது நீ. ஒரு அரங்கம் சாட்சி இருக்கு" என்பார் அவர். "எழுதினது நீங்க. நான் வெறும் வாய்" என்பாள் அவள். "அப்ப பதில் சொல்லேன்" என்பார். "கேட்டவளே எப்படிங்க பதில் சொல்றது?" என்பாள். வழக்கு தள்ளிவைக்கப்படும்.

வீட்டிலும் அவர்கள் முறை வைத்துப் பேசியதே இல்லை. இருவரும் சேர்ந்தே பேசுவார்கள், இருவரும் சேர்ந்தே கேட்பார்கள். சமையல்கட்டிலிருந்து அவள் வாடகை விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கூடத்திலிருந்து அண்டை வீட்டுச் சண்டையைச் சொல்வார். முடிவில் இருவருக்கும் இரண்டும் தெரிந்திருக்கும். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் ஒருவர் இந்தக் காதில் ஒன்றும் அந்தக் காதில் ஒன்றுமாக வாங்கிக்கொண்டு, நடுவில் ஸ்பேனரோடு நின்று, "யாராவது ஒருத்தர் சொல்லுங்கய்யா, புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுவிட்டார். மகள் சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்காருவாள். இடது காதுக்கு அம்மா, வலது காதுக்கு அப்பா என்பாள். அந்தச் சத்தத்தில்தான் கணக்குப் போட்டாள். அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாள். அந்த வீட்டில் சத்தம் நின்றால்தான் குழந்தை விழித்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு கேள்வி என்று கேட்டுவிட்டால் பாசஞ்சர் வேறு ஆள். சாப்பாட்டுக்குப் பின் தெருவில் உலாத்தப் போவார்கள். அவள் நடந்துகொண்டே நூறு பேசுவாள், அவரும் பேசுவார், வண்டி ஓடும். நடுவில் ஏதாவது கேட்டுவிட்டாளோ, தொலைந்தது. அங்கேயே நிற்பார். விளக்குக் கம்பம் இருந்தால் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொள்வார். அவள் பாட்டுக்கு முன்னால் போய், பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்துத் திரும்பி வருவாள். "நடந்துகிட்டே சொல்லக் கூடாதா?" என்றால், "கேட்டவங்களைப் பாத்துச் சொல்றதுதான் மரியாதை" என்பார். அந்தத் தெருவில் எந்த விளக்குக் கம்பத்துக்குக் கீழே எந்த விஷயம் முடிவானது என்று அவளால் இப்போதும் சொல்ல முடியும். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது மருந்துக்கடை முன்னால் இருக்கும் கம்பத்தடியில்.

பிறகு ஒருநாள் காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போடும்போது வலது கை பாதியில் நின்றுவிட்டது. பக்கவாதம், லேசானதுதான் என்றார்கள். லேசானது என்று சொல்கிறவருக்கு அது லேசு. மகளுக்கு போன் செய்து, டாக்டர் முன் அவர் சொன்னதை அவள் அப்படியே ஒப்பித்தாள். "எனக்கு வலது கால் இழுக்குது. கையில உணர்ச்சி கம்மி. பேசினா வார்த்தை தேட வேண்டியிருக்கு." அந்தப் பக்கம் மகள் அலறிவிட்டாள். "அம்மா, உனக்கா அப்பாவுக்கா? யாருக்கும்மா?" கூண்டில் மேடைக்காரர் "நான்" என்றால் இவர்கள் வாயிலும் அது "நான்"தான். அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிவரை வந்துவிட்டது. ஆனால் சொல்லி முடித்தபோது அது பழக்கமாக மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே தன் கால்தான் இழுப்பதுபோல இருந்தது.

ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் என்று டாக்டர் சட்டம் போட்டார். சாப்பிடும்போது டிவி கூடாது. நடக்கும்போது பேச்சு கூடாது. மகளும் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்வது என்று ஒன்று கிடையாதாம். மூளை இங்கும் அங்கும் தாவுகிறதாம், ஒவ்வொரு தாவலுக்கும் கவனம் கொஞ்சம் கொட்டிப்போகிறதாம். பாடம் எடுத்துக்கொண்டே மகள் ஆபீசுக்கு நாலு மெசேஜ் அனுப்பினாள், காப்பியும் கலந்தாள். காப்பியில் சர்க்கரை இல்லை. மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று அதைக் குடித்தபோது அவள் ஒத்துக்கொண்டாள்.

ஒத்துக்கொண்டு என்ன? நாக்கு கேட்க வேண்டாமா? வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவர் மெதுவாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார், செய்தித்தாள் எடுக்க. அவள் மேலே வாசலில் நின்று, "பால்காரர் வந்தாராங்க?" என்றாள். அவ்வளவுதான். அவர் நின்று, பதில் சொல்ல அவள் பக்கம் திரும்பினார். கால் படியைத் தவறவிட்டது. இடுப்பு தப்பித்தது, தலையில் ஒரு வெட்டுக்காயம், மறுபடியும் ஆஸ்பத்திரி. அந்தச் சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். தினமும் வருவாள், பக்கத்தில் உட்காருவாள், போர்வையைச் சரிசெய்வாள், போவாள். அவர் ஏதாவது சொன்னால் தலையாட்டுவாள். எக்ஸ்பிரஸ் ஷெட்டுக்குப் போய்விட்டது என்று நர்சுகளிடம் அவர் சொன்னாராம்.

இப்போதும் பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது பேசேன்" என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"அந்த இல்லத்துல சாயங்காலம்தான் விடுவாங்களாம்." வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தார். "அங்க வந்தும் இப்படியே உக்காரப் போறியா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். வளையல்கள்தான் கையில் அகப்பட்டன. ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் கழற்றிவிடுகிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தாளா, இல்லை இதுவும் ஒரு கூண்டு என்று கைக்குத் தெரிந்திருந்ததா?

பிசியோ பெண் திரும்பி வந்தாள். "கிளம்பலாமா சார்?"

அவர் கம்பியைப் பிடித்து எழுந்தார். நடந்தார். நல்ல நடைதான், யாரும் ஒன்றும் கேட்காதவரை.

"காலைல என்ன சார் சாப்பிட்டீங்க?"

நின்றார். திரும்பினார். "ரெண்டு ரொட்டி."

பிசியோ பெண்ணின் முகம் வாடிவிட்டது. நல்ல பெண், பாவம். அவர் தேறி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவளால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்தாள்.

"அவர் முன்னாடியும் அப்படித்தாம்மா. கேள்வின்னா நின்னுதான் பதில் சொல்லுவாரு. இது வியாதி இல்ல, சுபாவம்."

"இருக்கலாம்மா. ஆனா சுபாவமா இருந்தாலும் படியில விழத்தானே செய்வாரு?"

விழுந்ததைப் பார்த்தவள் அவள். ஆனால் இன்னொன்றையும் அவள் பார்த்திருக்கிறாள். கூண்டுக்குள் அந்த மனிதரை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. அங்கே ஒரு குரல் காதில் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் ஓடிக்கொண்டே இருப்பார். கூடவே தண்ணீர் ஊற்றுவார், கண்ணாடியைத் துடைப்பார், விழுந்த பென்சிலைக் குனிந்து எடுப்பார். ஒருமுறைகூட வண்டி நின்றதில்லை.

பேசினால் விழுந்துவிடுவாரோ என்று பயந்தாள். பேசாவிட்டாலும் அவர் போகப்போவது அந்த இல்லத்துக்குத்தான். அவருடைய வலது பக்கம் போய், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்றாள். மேடைக்காரர்களின் மொழியில் சொன்னாள். சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அவள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள். பிறகு, வழக்கம்போல ஒரு வாக்கியம் பின்னால், பாசஞ்சர் கிளம்பியது.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மீனவச் சகோதரர்களே" என்று நம் மொழியில் வந்தது அவர் குரல். பழைய குரல். தேடி எடுத்த வார்த்தைகள் இல்லை, தானாக வந்த வார்த்தைகள். "கடலில் மீன் குறைந்துவருவதை நான் மிகுந்த கவலையோடு இந்த அவையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

கால்கள் நடந்துகொண்டிருந்தன. வலது கால் இழுத்தது, இழுத்தாலும் போய்க்கொண்டிருந்தது. பிசியோ பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். நூற்றிருபது அடி ஆழம் போனது. ஆறு மில்லிமீட்டர் கயிறு போனது. இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அந்தத் தாழ்வாரத்தை நிறைத்தன. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு சத்தம் கேட்டு! அவளுக்கு அழுகை வந்தது. வந்தாலும் வாய் தன் பாட்டுக்கு ஓடியது, அது என்றைக்கு அவளைக் கேட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது? வலையின் கண்ணளவைச் சொன்னாள். சொன்ன கையோடு, காகிதத்தில் எழுதியிருப்பதுபோல, அடுத்ததும் அவள் வாயில் வந்துவிட்டது.

"நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா?"

வந்த பிறகுதான் அது கேள்வி என்று அவளுக்கு உறைத்தது. போச்சு என்று கையை நீட்டினாள், பிடிப்பதற்கு.

அவர் ஒரு வாக்கியம் பின்னால்தான் இருந்தார். "வலையின் கண்ணளவு நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது" என்று நிதானமாக முடித்தார். அடுத்த அடியும் வைத்தார். அதற்கடுத்ததையும் வைத்தார். "அதை அன்னைக்கே நான் எழுதிக் குடுத்துட்டேன். நீதான் இன்னும் பதில் சொல்லல."

அவள் பக்கம் அவர் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி நடந்துகொண்டே சொன்னார். போய்க்கொண்டே இருந்தார். ஜன்னல் விளிம்பில் கையை வைத்த பிறகுதான் நின்றார்.

"நிக்கல சார்! கால் நிக்கவே இல்ல!" பிசியோ பெண் குதிக்காத குறை. "நான் எழுதிடுறேன், வீட்டுக்குப் போங்க. ஆனா அம்மா, படியில கேள்வி மட்டும் கேக்காதீங்க. இப்படியே பிரசங்கம் பண்ணிக்கிட்டே பக்கத்துல இறங்குங்க, போதும்." பிறகு திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஏம்மா அங்கயே நின்னுட்டீங்க?"

அவள் தாழ்வாரத்தின் பாதியில் நின்றிருந்தாள். கால் எப்போது நின்றது என்று தெரியவில்லை. விளக்குக் கம்பம் எதுவும் இல்லாததால் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் அதைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். பாதிதான் வெளியே வந்தது.

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "இருமல் பொத்தானை அமுக்கிட்டிருக்கியா? ஒண்ணும் கேக்கல."

"சரிங்க!" என்று கத்தினாள் அவள். பக்கத்து அறை நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.